மாற்றுப் பெயர்கள் என்னும் கட்டம்

மொழியியல் பயின்றுவிட்டு மருத்துவக் கலைச்சொற்களில் உழல்பவன் என்பதால், இரத்தக்குழாய் வளர்ச்சிக்குக் காரணமான மூலக்கூறுகளைத் தொகுத்துவைக்கும் தரவுத்தளங்களை நான் நிகண்டுகளாகவே வாசிக்கிறேன். 2002இல் 'நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச்' இதழில் தென்கொரிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய ஆஞ்சியோடிபி அவற்றுள் ஒன்று. மூலக்கூறுத் தளங்களில் பொதுவாக 'மாற்றுப் பெயர்கள்' என்றொரு கட்டம் இருக்கும். பலரும் தாண்டிச் செல்லும் அக்கட்டத்தில் பழைய வழக்குகள் பல உறங்குகின்றன.

1971இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய இரத்தக்குழாய்களைத் தானே வரவழைத்துக்கொள்கிறது என்றும், அதைத் தடுத்தால் சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்றும் எழுதினார். வரவழைக்கும் பொருளுக்குப் பெயரும் இட்டார். பொருளோ தூய நிலையில் அவர் கைக்கு வந்திருக்கவில்லை. ஐயுற்றவர்களே மிகுதி.

1983இல் அதே பாஸ்டனில் டொனால்டு செங்கரும் ஹெரால்ட் டுவோராக்கும், கட்டியுற்ற கினிப்பன்றிகளின் வயிற்றுநீரில் ஒரு புரதத்தைக் கண்டனர். அது குழாய்ச்சுவரைக் கசியச் செய்தது. ஆகவே 'குழாய் ஊடுருவல் காரணி', சுருக்கமாக வி.பி.எஃப். 1989இல் கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரி உயிரணுக்களிலிருந்து இரத்தக்குழாய் உட்சுவர் உயிரணுக்களைப் பெருக்கும் புரதத்தைப் பிரித்து வி.இ.ஜி.எஃப். என்றழைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் அடுத்தடுத்து வெளிவந்த இரு கட்டுரைகள் இரண்டின் மரபணு வரிசையையும் வெளிப்படுத்தின. இரண்டும் ஒன்றே!

வென்றது பின்வந்த பெயர். டுவோராக் மட்டும் நெடுங்காலம் 'விபிஎஃப்/விஇஜிஎஃப்' என்று சாய்கோடிட்டே எழுதிவந்தார். பிடிவாதம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இப்புரதத்தைப் பற்றிப்பிடிக்கும் பெவசிஸுமாப் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. அது 'வளர்ச்சி'யின் கதை. நீரிழிவால் விழித்திரையின் மையம் நீர்கோத்து வீங்கும்போது அதே புரதத்தைத் தடுக்கும் ஊசி கண்ணில் செலுத்தப்படுகிறதே, அங்கு அடக்க முயல்வது கசிவை. தோற்ற பெயர் சொன்னது அதைத்தான். தேடுபவர் புதிய பெயரை மட்டும் தட்டினால் 1983 முதலான கசிவாய்வுகள் அகப்படா. மாற்றுப் பெயர்க் கட்டம் இருப்பது அதற்காகவே.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. நிகண்டு மரபில் ஒரு சொல் பல்பொருள். எஃப்.ஜி.எஃப்.1 என்னும் மரபணுவுக்கு 'இசிஜிஎஃப்' என்பது மாற்றுப் பெயர். தைமிடின் பாஸ்பாரிலேஸ் நொதியின் மரபணுவுக்கோ முன்னைய குறியீடு 'இசிஜிஎஃப்1'. இரத்தத் தட்டணுக்களில் கண்ட வளர்ச்சிக் காரணியென்று பெயரிடப்பட்ட அப்புரதம், ஏற்கெனவே அறிந்த நொதியே என்று 1992இல்தான் தெளிவாயிற்று. இடைவெளி ஓர் இலக்கம். பொருளில் தொடர்பே இல்லை.

என் முதலாண்டுச் சொற்பட்டியலில் இவ்விரண்டையும் ஒரே பதிவாக இணைத்துவைத்திருந்தேன். சென்ற வாரம்தான் பிரித்தேன்.