கோபத்தின் சட்டமும் குடும்ப வழக்கும்

குடும்பச் சண்டை நீதிமன்றம் வரை வந்துவிட்டால், கூண்டில் நிற்பவன் வாயினின்று முதலில் வெளிப்படும் சொல் பெரும்பாலும் ஒன்றே: "கோபத்தில் கை நீட்டிவிட்டேன், ஐயா." சிகாமட்டிலும் அதே சொல், மதுரையிலும் அதே சொல். கேட்பவர்கள் இதனை மன்னிப்பு வேண்டும் பேச்சென்றே எண்ணுகின்றனர். ஆனால் கோபம் என்பது சட்டத்தில் இடம்பெற்றுள்ள ஓர் எதிர்வாதம். அதற்குத் தனிச் சரித்திரம் உண்டு. யாருடைய கோபத்துக்காக அந்தச் சட்டம் எழுதப்பட்டது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் செய்தி.

மெக்காலே துரையின் தலைமையில் அமைந்த குழு 1837இல் கல்கத்தாவில் வகுத்த குற்றச் சட்டம், 1860இல் நிறைவேறி, 1862இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1872இல், அதே அமைப்பும் பெரும்பாலும் அதே பிரிவு எண்களும் கொண்ட சட்டம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய குடியேற்றங்களில் கால் வைத்தது. 1948இல் அதன் வழிவந்த சட்டம் மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. ஆகவே, ஜொகூர் வழியே 1909இல் முடிந்த இருப்புப்பாதையை நம்பிச் சிகாமட், லாபிஸ் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர், கடல் தாண்டியும் தம் ஊர்ச் சட்டத்தைத் தாண்டவில்லை. இந்தியா 2024 ஜூலையில் அப்பழைய நூலை மாற்றிப் புதியது வகுத்துக்கொண்டது. மலேசியாவில் பழைய எண்களே இன்னும் வழங்குகின்றன.

மனைவியை அடிக்கக் கணவனுக்கு உரிமையுண்டு என்று அந்நூலின் எந்தப் பிரிவும் கூறவில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலன் நல்லெண்ணத்தோடு செய்வதற்கு 89ஆம் பிரிவில் ஓரளவு இடமுண்டு. மனைவி விஷயத்தில் அந்த இடமும் இல்லை. எனினும் கோபத்துக்குச் சலுகை இருந்தது. 323ஆம் பிரிவின்படி ஒருவரைக் காயப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை. அதே காயம் கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலால் நேர்ந்ததென்று காட்டிவிட்டால், 334ஆம் பிரிவின்படி ஒரு மாதம் வரைதான். ஓராண்டு எங்கே, ஒரு மாதம் எங்கே! கொலை வழக்கிலோ, அதே வாதம் 300ஆம் பிரிவின் விலக்காக நின்று, தூக்குக் கயிற்றுக்கும் சிறைக்கும் நடுவே வேறுபாடு செய்தது. மலேசியாவில் கொலைக்குக் கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில்தான் நீங்கிற்று என்பதை நினைத்தால், "திடீர்" என்னும் ஒரு சொல்லில் எத்தனை உயிர்கள் தொங்கின என்பது விளங்கும்.

தோட்டத்து வாழ்க்கையில் இச்சொல்லுக்குத் தனி வலிமை ஏற்பட்டது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில்கூட, மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. லயத்து அறையில் ஒதுக்கிடம் கிடையாது. மாலையில் கள்ளுக்கடை திறந்திருக்கும். இந்நிலையில் துரைமார்களும் அதிகாரிகளும் வன்முறைக்குக் காரணம் தேடியபோது, கூலியையும் குடியிருப்பையும் பார்க்காமல், "கூலிக்காரனின் பொறாமை" என்று ஒரு பெயர் சூட்டி அமைந்துவிட்டனர். குற்றவாளிக்கு அது ஓர் அரைநியாயமாகவும் உதவிற்று.

மணமான பெண்ணை மயக்கி அழைத்துச் செல்வோனைத் தண்டிக்கும் 498ஆம் பிரிவையும் இங்கே கருத வேண்டும். மனைவியைப் பறிகொடுத்த கணவனுக்கு அச்சட்டம் துணை நின்றது. கணவனைப் பறிகொடுத்த மனைவிக்கு அதில் ஒரு வரியும் இல்லை. பெண்ணை உடைமையாகவே கருதிய அப்பிரிவை மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று தீர்த்தது 2023 டிசம்பரிலேதான். நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்துவிட்ட பிரிவு!

"திடீர்" என்பதன் எல்லை என்ன? பம்பாயில் 1959இல் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலனைச் சுட்ட வழக்கு நேயர்கள் பலரும் அறிந்ததே. மனைவி உண்மையைச் சொன்ன பின், அவர் குடும்பத்தாரைச் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கி பெற்று, அதன் பின்னரே அவ்வீடு புகுந்தார். ஜூரர்கள் எட்டுக்கு ஒன்றென்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. கோபம் ஆறுவதற்குப் போதிய நேரம் கழிந்துவிட்டதென்று சுப்ரீம் கோர்ட்டும் 1961இல் அத்தண்டனையை உறுதி செய்தது. இந்த அளவுகோல் ஆணின் கோபத்துக்குப் பொருந்தும். அது மின்னலைப் போல் பாய்ந்து மறைவது. பல ஆண்டு அடிபட்ட பெண்ணின் கோபமோ உமியில் இட்ட நெருப்பு. இங்கிலாந்தில் 1949இல், கணவனால் கொடுமைப்படுத்தப்பட்ட டஃபி என்னும் பெண் அவனைக் கொன்ற வழக்கிலேயே, ஆத்திரமூட்டல் என்பது திடீரெனத் தன்னிலை இழத்தல் என்று நீதிபதி இலக்கணம் வகுத்தார். அடிபட்டவள் வழக்கில் பிறந்த அந்த இலக்கணம் அடிபட்டவளுக்கே உதவவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க முற்பட்டது நம் சென்னை உயர்நீதிமன்றம் என்பதைப் பெருமையோடு சொல்லலாம். கணவனின் கொடுமை தாங்காத ஒரு தமிழ்ப் பெண், பிள்ளைகளோடு கிணற்றில் குதித்தாள். பிள்ளைகள் மாண்டனர், அவள் பிழைத்தாள். பிழைத்ததே குற்றமாயிற்று, கொலைக் குற்றம் சாட்டப்பட்டாள். 1989இல் வெளிவந்த அத்தீர்ப்பில், திடீர் ஆத்திரமூட்டல் போலவே நீடித்த ஆத்திரமூட்டலும் கணக்கில் கொள்ளத் தக்கதென்று நீதிமன்றம் கொண்டு, கொலையென்ற தண்டனையை மாற்றிற்று. நம் கிராமத்துக் கூத்துமேடையில் அழவைத்த நல்லதங்காளின் பெயரை அந்நிலைமைக்குச் சூட்டிற்று. (நல்லதங்காளை வாட்டியவர்கள் வறுமையும் அண்ணன் மனைவியும், கணவன் அல்லன். எனினும் கிணற்றங்கரை ஒன்றே.) ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிணற்றில் மாண்ட பிள்ளைகள் யாருக்கும் ஆத்திரமூட்டவில்லை. தாய்க்கு இரங்கும் சட்டம், அவளை அங்கே விரட்டியவனை என் செய்தது?

இங்கிலாந்திலும் அவ்வாண்டே ஒரு பெண் சிறை புகுந்தாள். கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண், பத்தாண்டு அடிபட்ட பின், உறங்கிய கணவன்மீது நெருப்பிட்டாள், அவன் மாண்டான். ஆயுள் தண்டனை பெற்றாள். சவுத்தால் கறுப்புச் சகோதரிகள் என்னும் மாதர் சங்கம் அவளுக்காகப் போராடிற்று. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவளது மனநிலை பற்றிய புதிய சாட்சியத்தை ஏற்றுப் பழைய தீர்ப்பை நீக்கியது, அவள் விடுதலையானாள். "திடீர்" என்னும் நிபந்தனை அந்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. மலேசியச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் அச்சொல் இன்றும் இருக்கிறது.

இனி, இன்று சிகாமட்டில் இத்தகைய குற்றச்சாட்டுக்கு ஆளாவோர் நிலை. 1994இல் இயற்றப்பட்டு 1996 ஜூனில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு ஆணைகளுக்கு வழி செய்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அவசர ஆணையையும் சேர்த்தது. அடித்த குற்றம் பழைய குற்றச் சட்டத்தின்படியே விசாரிக்கப்படும். சட்டபூர்வமான மணவாழ்வில் துணையை அடித்தால் 326A பிரிவு தண்டனையின் உச்ச அளவை இரட்டிப்பாக்குகிறது. கோவிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட குடும்பங்கள் தோட்டங்களில் உண்டு. அத்தகையோருக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சமயச் சடங்கு நடந்திருந்தாலே போதும். ஆனால் 326A பிரிவில், "சட்டபூர்வமான மணமா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க இடமிருக்கிறது.

அவர் கேட்பது தவறு என்று நாம் கூறவில்லை. பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளானவனும், ஓங்கிய கட்டையைத் தடுக்கையில் கணவனைக் காயப்படுத்திய பெண்ணும் அதே கூண்டில்தான் நிற்கின்றனர். 96 முதலான பிரிவுகள் தற்காப்பை உரிமையாகவே தருகின்றன. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்பதே 99ஆம் பிரிவின் வரம்பு. ஆனால் தற்காப்பைக் காட்ட வேண்டிய பொறுப்பு, சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவால், அவள்மேல் விழுகிறது. முன்பு நாலு முறை அடிபட்டபோதே மருத்துவமனைச் சீட்டும் போலீஸ் புகாரின் நகலும் பெற்று வைத்திருந்தால், அந்நாளில் அவற்றை அவள் எடுத்துக் காட்டலாம். அவை இல்லாதவளோ, முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு விரைவில் வேலைக்குத் திரும்பலாம் என்று யாரோ சொல்லக் கேட்டுத் தலையசைத்துவிடுகிறாள். ஏழைகளின் குற்ற வழக்கை எடுத்து நடத்தவென்றே தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை 2011இல் அமைக்கப்பட்டது. தலையசைக்குமுன் அதன் பெயரைச் சொல்லி வழக்கறிஞரைக் கேட்க அவளுக்கு உரிமையுண்டு.