கொட்டாஞ்சேனையில் ஏறிய கொடி

பௌத்தர் வாழும் எந்த நாட்டுக்குச் சென்றாலும் ஒரு கொடியைக் காணலாம். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என நெடுக்காக ஐந்து பட்டைகள். ஓரத்தில், அந்த ஐந்து நிறங்களும் சிறு துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஆறாவது பட்டை. சர்வதேச பௌத்தக் கொடி என இன்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும் இக்கொடி முதன்முதலாகப் பகிரங்கமாக ஏற்றப்பட்ட இடம் புத்தகயாவும் அல்ல, அநுராதபுரமும் அல்ல. தமிழர் செறிந்து வாழும் நமது கொட்டாஞ்சேனைதான் அந்த இடம். தினமும் அவ்வழியே பஸ்ஸில் போய்வருகின்ற நம்மவரில் பலருக்கு இது தெரியாது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்குச் செய்தியாகாத பொருள்கள்மீது ஒரு மோகம் இருக்கும். பழைய பெயர்ப்பலகைகள், தீப்பெட்டி லேபல்கள், திருவிழாத் தோரணங்கள் எனக் கண்ணில் பட்டவற்றையெல்லாம் நின்று பார்ப்பது என் வழக்கம். அழகு என்று எவரும் சொல்லாத பொருளிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்த சுவடு இருக்கும். இந்தக் கொடியை நான் கவனிக்கத் தொடங்கியதும் அப்படித்தான்.

கொடியின் கதை ஒரு கலவரத்திலிருந்து தொடங்குகிறது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனை தீபதுத்தாராம விகாரையில் அப்போது புதிய புத்தர் சிலையொன்றின் பொருட்டுப் பெருவிழா நடந்துகொண்டிருந்தது. விகாரையின் தலைவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் பௌத்தர் தரப்பில் வாதாடிய நாவலர் அவர். விகாரைக்கு அயலிலேயே கத்தோலிக்கரின் புனித லூசியாள் ஆலயம். பொரளையிலிருந்து வந்த பௌத்த ஊர்வலமொன்றில் கத்தோலிக்கச் சின்னங்களை இழிவுபடுத்தும் உருவங்கள் கொண்டுவரப்படுகின்றன என்று ஒரு வதந்தி பரவியது. ஆலய மணி ஒலித்தது, கூட்டம் சேர்ந்தது, ஊர்வலம் தாக்கப்பட்டது. உயிரிழப்பும் நேர்ந்தது, பலர் காயமுற்றனர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இலங்கை கண்ட முதலாவது பெரிய மதக் கலவரங்களுள் இதுவும் ஒன்று.

குற்றவாளிகள் எவரும் தண்டிக்கப்படாதது பௌத்தர்களைக் கொதிப்படையச் செய்தது. அமெரிக்கரான கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் 1880ஆம் ஆண்டு மே மாதம் காலித் துறைமுகத்தில் வந்திறங்கிப் பௌத்தத்தைத் தழுவியவர். சென்னை அடையாற்றைத் தலைமையகமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் தலைவர். பௌத்தரின் முறைப்பாடுகளோடு அவர் 1884இல் லண்டன் சென்று குடியேற்ற நாடுகளின் அமைச்சகத்தில் வாதாடினார். அதன் பயன்களுள் ஒன்று, 1885இல் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் காலத்தில் வெசாக் பௌர்ணமி அரச விடுமுறையாக்கப்பட்டமை. அப்போது சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனும் இவ்விடுமுறைக்காகக் குரல் கொடுத்தவர். அவருடைய தந்தையார் பொன்னம்பல முதலியார் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயம் இதே கொட்டாஞ்சேனைப் பகுதியில், கொச்சிக்கடையில்தான் இருக்கின்றது. பின்னாளில் இராமநாதன் அதைக் கருங்கற் கோயிலாக எழுப்பினார்.

விடுமுறை கிடைத்தது; அந்த நாளில் வீடுகளில் ஏற்றுவதற்கு ஓர் அடையாளம் இல்லை. இதற்காகக் கொழும்பில் ஒரு குழு கூடியது. தலைவர் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல தேரர். குணானந்த தேரரும், அநகாரிக தர்மபாலவின் தந்தையார் டொன் கரோலிஸ் ஹேவாவிதாரணவும் உறுப்பினர்கள். செயலாளர் கரோலிஸ் பூஜித குணவர்தன. கொடியின் விபரம் 1885 ஏப்ரல் 17ஆம் திகதி 'சரசவி சந்தரெச' என்ற சிங்களப் பத்திரிகையில் வெளியாயிற்று. பதினொரு நாட்களின் பின், ஏப்ரல் 28 வெசாக் தினத்தன்று, குணானந்த தேரர் அதைத் தீபதுத்தாராமத்தில் ஏற்றிவைத்தார். கலவரம் நடந்து இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் கழிந்திருந்தன.

முதலில் அமைத்த கொடி நீண்டு தொங்கும் வடிவில் இருந்தது. வீட்டில் கட்டவோ ஊர்வலத்தில் பிடிக்கவோ அது வசதிப்படாது என்று கண்டவர் ஒல்கொட். தேசியக் கொடிகளின் அளவுக்கும் வடிவுக்கும் அதை மாற்றுங்கள் என்று அவர் சொன்னார், அவ்வாறே மாற்றினார்கள். போர்க்களம் கண்ட இராணுவ அதிகாரிக்குக் கொடியொன்று எப்படிக் கையாளப்படும் என்பது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. 1889இல் ஒல்கொட்டும் தர்மபாலவும் ஜப்பானுக்கு இக்கொடியைக் கொண்டுசென்றனர். 1950இல் இலங்கையில் நிறுவப்பட்ட உலக பௌத்தர் சம்மேளனம் இதைச் சர்வதேசக் கொடியாக்கியது. போகும் இடங்களில் சிறு மாற்றங்களும் நேர்ந்தன. மியன்மாரில் செம்மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பைக் காணலாம்.

இக்கொடியில் என்னை அதிகம் கவர்ந்தது ஆறாவது பட்டை. புத்தரின் திருமேனியிலிருந்து ஆறு ஒளிக்கதிர்கள் வெளிப்பட்டன என்பது மரபு. ஐந்துக்கு நிறம் உண்டு. ஆறாவது 'பிரபாஸ்வர', அதாவது ஐந்தும் கலந்த பேரொளி. அதை எந்தச் சாயத்தில் தோய்ப்பது? ஐந்து சாயங்களையும் உண்மையாகவே கலந்தால் கிடைப்பது ஒளியல்ல, சேற்று நிறம். குழுவினர் கண்ட வழி எளிமையானது. நிறங்களைக் கலக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒவ்வொரு நிறமும் தன் நிறத்திலேயே நிற்க, கலத்தலைக் கண் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்தில், வெசாக் காலத்தில் கொடிகளும் கூடுகளும் விற்கும் கடைகள் முளைக்கும். விற்பவர்களில் தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பொலித்தீனில் அச்சடித்த சிறு கொடிகளின் சரம் ஒன்றை ஒருமுறை நான் விரித்துப் பார்த்தபோது, ஆறாவது பட்டையில் நிறங்களின் வரிசை தலைகீழாக இருந்தது. கடைக்காரத் தம்பியிடம் காட்டினேன். "அதை ஆரும் பாக்கிறேல்லை ஐயா" என்றார் அவர் யாழ்ப்பாணத் தமிழில். பக்கத்தில் துணிக்கொடி தைத்துக் கொடுக்கும் தையற்காரர் ஒருவர் இருந்தார். ஐந்து பட்டைகளைத் தைக்க எடுக்கும் நேரமளவு அந்த ஒரு பட்டைக்கே போகிறது என்று அவர் அலுத்துக்கொண்டார். ஐந்து சிறு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் விளிம்பு, பிசகினால் பிரிக்கவேண்டும்.

தமிழர் வரலாற்றிலும் இக்கொடிக்கு ஒரு கிளைக்கதை உண்டு. சென்னையின் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஒல்கொட்டின் துணையோடு இலங்கைக்கு வந்து பௌத்தத்தைத் தழுவினார். அவருக்குப் பஞ்சசீலம் அளித்தவர், கொடிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே சுமங்கல தேரர். திரும்பிச் சென்று சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற இதழைத் தொடங்கினார். சாதியால் ஒடுக்கப்பட்ட தமிழ் மக்களுக்குப் பௌத்தம் விடுதலையின் பெயராக வந்தது. இன்று பௌத்தம் என்றதும் ஈழத்தமிழர் மனத்தில் எழும் உணர்வு வேறு. தமிழருக்கும் அது ஒருகாலத்தில் சொந்தமாக இருந்தது என்பதை அதனால் நாம் மறந்துவிடக்கூடாது.

அறுபது ஆண்டுகள் கழித்து இந்நாட்டுக்கு மற்றொரு கொடி தேவைப்பட்டது. 1948 ஜனவரியில், கண்டி அரசனின் சிங்கக் கொடியைச் சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்புப் பிரதிநிதி முதலியார் சின்னலெப்பை, தமிழ் பேசும் முஸ்லிம். சிறுபான்மையினரிடையே எழுந்த அதிருப்தியைத் தீர்க்க எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டு, 1951இல் கொடி ஏற்கப்பட்டது. குழுவிலிருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் உடன்பட்டார், செனட்டர் எஸ். நடேசன் உடன்படவில்லை. சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு வெளியே மற்றவர்களை நிறுத்தும் கொடி ஒற்றுமையைக் காட்டாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இரண்டு கொடிகளையும் அருகருகே வைத்து, துணியாக மட்டும் பார்த்தால், நடேசனின் ஆட்சேபம் அரசியலில் மட்டுமல்ல, அமைப்பிலும் சரியானது எனத் தோன்றுகிறது. ஒரு குழு நிறங்களுக்குத் தனித்தனி இடம் கொடுத்தபின், அவை சேர்ந்திருக்கவும் ஓர் இடம் ஒதுக்கியது. மற்றக் குழு தனி இடம் கொடுத்ததோடு நின்றுவிட்டது. 1972இல் மூலைகளில் அரசிலைகள் சேர்ந்தன. பட்டைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஆனால் நல்ல அமைப்பு மட்டும் எதையும் காத்துவிடாது. ஐந்து நிறங்களையும் ஒன்றாக அடுக்கிய அதே கொடி, வடக்கிலும் கிழக்கிலும் சர்ச்சைக்குரிய நிலங்களில் நடப்படும்போது, அங்குள்ள தமிழருக்கு உரிமைகோரும் எல்லைக்கல்லாகத்தான் தெரிகிறது. காயப்பட்ட ஒரு சமூகம் தன் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்ட அடையாளம், இன்னொரு சமூகத்தின் வாசலில் போய் நிற்கும்போது பொருள் மாறிவிடுகிறது.

2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. எல்லா மதத்தவரும் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்கும் ஆலயம் அது. அடுத்த நாட்களில் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் கட்டப்பட்டவை வெள்ளைக் கொடிகள். சில வாரங்களில் வந்த வெசாக் அவ்வாண்டு ஆரவாரமின்றிக் கழிந்தது. 1883இன் உயிர்த்த ஞாயிற்றில் கல்லெறிந்துகொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் 2019இன் உயிர்த்த ஞாயிற்றில் ஒரே துக்கத்தைச் சுமந்தார்கள். இதை எவரும் திட்டமிடவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே குழாயடியில் நின்றவர்களுக்கு அது தானாக வந்தது.

வெளிநாடுகளிலிருந்து கொழும்புக்கு வரும் நம்மவர் வெள்ளவத்தையில் தங்கி, புடைவைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் ஏறி இறங்கித் திரும்பிவிடுகிறார்கள். அடுத்தமுறை ஒரு காலைப்பொழுதைக் கொட்டாஞ்சேனைக்கு ஒதுக்கலாம். பொன்னம்பலவாணேசர், அந்தோனியார், லூசியாள் பேராலயம் எல்லாம் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரமே. தீபதுத்தாராமத்துக்கும் போங்கள். துறவியாகி அங்கே தலைமைத் தேரராக இருந்த சயாம் இளவரசர் பிரிஸ்டாங்கின் காலத்து நினைவாகச் சயாம் பாணித் தூபி ஒன்றும் அங்குண்டு. கொடி பறந்துகொண்டிருந்தால் ஆறாவது பட்டையை மேலிருந்து கீழாக எண்ணிப் பாருங்கள். நீலம் முதலில் வரவேண்டும்.