கம்பின் ஓசை

மதுரைக்கு மேற்கே, நாகமலையைக் கடந்து செல்லும் சாலையில், கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் என் இளமைக் காலம் கழிந்தது. இரவு உணவு முடிந்து ஊர் அடங்கிய பின்னர், களத்துமேட்டிலிருந்து ஓர் ஓசை எழும். மூங்கிற் கம்பு காற்றிலே சுழலும் ஓசை அது. திண்ணையிற் படுத்திருக்கும் முதியவர்கள் எழுந்து பார்க்க மாட்டார்கள். படுத்தபடியே, “இது பழகின கை, இது புதுப் பையன் கை” என்பார்கள். சில சமயம் சுழற்றுபவரின் பெயரையே சொல்லிவிடுவார்கள். இருளில் முகம் தெரியாது. ஆயினும் அவரவர் கையின் இயல்பு ஓசையிலே தெரிந்துவிடும். சிலம்பக் கலையைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களோடு பேச அமரும்போது, அந்த ஓசையே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

சிலம்புதல் என்ற சொல்லுக்கு ஒலித்தல் என்பது பொருள். கம்பு சுழலும்போது எழும் ஒலியே இக்கலைக்குப் பெயராயிற்று என்பர் சிலர். சிலம்பு என்பதற்கு மலை என்னும் பொருளும் உண்டு. ஆதலின் மலைவாழ் மக்களின் கலை என்று பொருள் கொள்வாரும் உளர். எது மூலமாயினும், எங்கள் ஊர் முதியவர்கள் கம்பைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் அளந்தார்கள் என்பதை நான் அறிவேன்.

எனக்குக் கம்பு கற்பித்த வாத்தியார் மெலிந்த உடலினர். அவரிடம் சென்ற முதல் நாளே கம்பு கைக்கு வரும் என்று நான் எண்ணியிருந்தேன். பல மாதங்கள் வரை வரவில்லை. தரையில் முக்கோணமும் சதுரமுமாகக் கோடு கிழித்து, அவற்றின் முனைகளில் கால் மாற்றி வைக்கச் சொன்னார். முன்வைத்த காலில் எப்போது எடை இறங்க வேண்டும், பின்காலின் குதி எப்போது தரையை விட்டு எழ வேண்டும் என்பவற்றையே நாள்தோறும் திருத்தினார். காலடி வரிசை என்று இதற்குப் பெயர். கையை வீசி ஆட வந்த சிறுவனுக்கு இது தண்டனையாகவே தோன்றியது.

ஒருநாள் கம்பும் வந்தது. நின்றால் நெற்றியளவு வரும் மூங்கிற் கம்பு. முனைகளில் பூண் கட்டியது. நீரில் ஊறவைத்து, நீர்ப்பரப்பில் அடித்து அடித்துப் பதப்படுத்தியது. அதைக் கையில் வாங்கியவுடன் இறுகப் பற்றினேன்; முழு வலிமையோடு சுழற்றினேன். மணிக்கட்டு வலித்தது, கம்பு என் முழங்காலிலேயே பட்டது. வாத்தியார் சிரித்தார். “கம்பை நீ சுத்தாதே, அது சுத்தட்டும், நீ வழி விடு” என்றார். மேலும், “ஓசையைக் கேள். உடைஞ்சு உடைஞ்சு வந்தால் கை இறுகியிருக்கு என்று அர்த்தம். ஒரே இழையாக வந்தால் கை இளகிவிட்டது என்று அர்த்தம்” என்றும் சொன்னார்.

கை எவ்வாறு இளகும் என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் அந்தக் காலடி வரிசையின் பயனை உணர்ந்தேன். கால் தன் இடத்தைத் தானே அறிந்துகொண்டால், உடல் விழுந்துவிடுமோ என்ற அச்சம் நீங்குகிறது. அச்சம் நீங்கினால் தோள் தளர்கிறது. தோள் தளர்ந்தால் சுழற்சியின் விசை இடுப்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டுக்கு வந்து, தடையின்றிக் கம்பின் முனையை அடைகிறது. எளிமையாகத் தோன்றும் அசைவுக்குப் பின்னால் பல மாதக் கால் உழைப்பு மறைந்து நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் கை மட்டுமே தெரியும். ஆடுபவருக்கோ கையை மறந்துவிடக் கால் இடங்கொடுக்கிறது.

அந்நிலையை எய்திய பின்னரே ஒருவனுடைய சொந்த ஆட்டம் தொடங்குகிறது. ஒரே வாத்தியாரிடம் ஒரே வரிசையைக் கற்ற இருவர் ஒரே விதமாக ஆடுவதில்லை. நெட்டையானவன் வீச்சை விரும்புகிறான். குட்டையானவன் உள்ளே புகுந்து திரும்புகிறான். பொறுமையுள்ளவன் எதிரியின் கம்பு வருமட்டும் காத்திருக்கிறான். ஓசையைக் கொண்டு பெயர் சொல்ல எங்கள் ஊர் முதியவர்களுக்கு முடிந்தது இதனால்தான். மறக்காணம், துளுக்காணம், கள்ளர் பத்து, நாகம் பதினாறு, குறவஞ்சி என இக்கலையில் வழங்கும் பிரிவுகளின் பெயர்களே இது பலர் கை பட்டு வளர்ந்தது என்பதைக் காட்டும். ஆட்டத்தைத் தொடங்குமுன் செய்யும் வணக்கத்துக்குச் சலாம் வரிசை என்று எங்கள் ஊரில் பெயர். அரபு மொழியிலிருந்து வந்த சொல் தமிழ்நாட்டுக் களத்துமேட்டில் குடியேறி நிற்கிறது.

இத்தகைய கலை வரலாற்றின் கடும் புயல்களைத் தாங்கி எவ்வாறு பிழைத்தது? இதற்கு விடை காண, இருநூறு ஆண்டுகளுக்கு முன் செல்ல வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1790-களில் இப்பகுதியில் இருந்தார். சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. பெரிய மருது ஆற்காட்டு ரூபாயை விரல்களாலேயே வளைத்துவிடும் வலிமை பெற்றவர் என்று அவர் தம் நினைவு நூலில் எழுதுகிறார். சின்ன மருதுவே தமக்கு ஈட்டி எறியவும், வளரி எறியவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் என்பதையும் நன்றியோடு குறிப்பிடுகிறார். வளரி என்பது வளைந்த எறிகருவி. அதை எறிவதற்கும் உடல் வலிமை மட்டும் போதாது. கை எந்தக் கணத்தில் அதனை விட வேண்டும் என்பதே அதன் கலை. நாணயத்தை வளைப்பது பலம். வளரியை விடுவது பயிற்சி.

பின்னர் நடந்தது துயரக் கதை. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் போர் மூண்டபோது, வெல்ஷ் தமக்குக் கற்பித்த ஆசானையே வேட்டையாடும் படையில் இருந்தார். தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1830-இல் வெளிவந்த தம் நூலில் வெல்ஷ் இதனை வேதனையோடு நினைவுகூர்கிறார். மாணவன் ஆசானின் முடிவைப் பார்த்து நின்ற காட்சி அது.

1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், மக்களின் படைக்கலங்களைப் பறிக்கவும் அது வழி செய்தது. 1878-இல் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. ஈட்டியும் வாளும் வளரியும் வீடுகளைவிட்டு மறைந்தன. கம்பை மட்டும் யாராலும் முற்றிலும் பறிக்க இயலவில்லை. ஆடு மேய்ப்பவனுக்கும், வண்டி ஓட்டுபவனுக்கும், இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்பவனுக்கும் கம்பு வேண்டுமே! உழவன் வீட்டு மூலையில் சாத்தி வைத்த மூங்கிலைப் படைக்கலம் என்று எந்த அதிகாரி எழுதுவான்?

ஆனால் கம்பைப் பறிக்க முடியாத அரசு, கம்பு பிடிக்கும் மனிதனைக் கட்டிப்போட ஒரு வழி கண்டது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் மீது அது ஏவப்பட்டது. பிறப்பையே குற்றமாக்கிய சட்டம் அது. கைரேகை பதிக்க வேண்டியிருந்ததால் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவு பெற்ற ஆண்கள் இரவில் காவல் நிலையத்துக்கோ குறித்த இடத்துக்கோ சென்று படுத்திருக்க வேண்டும். அனுமதிச் சீட்டின்றி வெளியூர் செல்லக் கூடாது. இதனை எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில், மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிர் நீத்தனர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.

என் வாத்தியார் அச்சட்டத்தின்கீழ் இளமையைக் கழித்தவர். ஒருநாள் அவரிடம், “காலடிக்கு மட்டும் ஏன் இத்தனை மாதம்?” என்று சலிப்போடு கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: “எங்களுக்கு ராத்திரி களத்துமேடு கிடையாது, தம்பி. ரேகை வைத்தவன் எல்லாம் இருட்டினதும் போய்ப் படுக்கணும். கம்பு கொண்டுபோக முடியாது. எல்லோரும் தூங்கினதுக்கு அப்புறம் எழுந்து நின்று காலை மட்டும் பழகுவேன். சத்தம் வராமல் பழகணும். அப்படித்தான் எனக்குக் கால் வந்தது.”

அதன்பின் நான் அவரிடம் அக்கேள்வியைக் கேட்டதில்லை. தம் உடல் எங்கே உறங்க வேண்டும் என்பதைக்கூட அரசு முடிவு செய்த காலத்தில், நான்கடி இடத்துக்குள் அவர் தம் காலை விடுதலை செய்துகொண்டார். அந்தக் காலின்மேல் நின்றுதான் பிற்காலத்தில் அவர் கை இளகியது.

சிலம்பம் பிழைத்த மற்றோர் இடம் திருவிழா. மாரியம்மன் கோயில் முளைப்பாரியிலும், பொங்கல் நாளிலும், கொட்டு முழக்கத்துக்கு ஏற்பக் கம்பு சுழற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். போருக்குரிய அடியும் தடுப்பும் அங்கே அலங்காரச் சிலம்பமாக ஆடப்பட்டன. இது போர்க்கலையின் வீழ்ச்சி என்று கருதுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. போர் ஒழிந்த நாட்டில் போர்ச் சிலம்பத்தை மட்டும் யார் கற்றிருப்பார்? விழாவின் மகிழ்ச்சி இளைஞர்களை அழைத்து வந்தது. வந்தவர்களுக்கு வாத்தியார் காலடி கற்பித்தார். அலங்காரம் என்னும் உமிக்குள் அரிசி பத்திரமாக இருந்தது.

கடல் கடந்த பிரேசில் நாட்டிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடையே வளர்ந்த கப்போயிரா என்னும் கலை, பாட்டும் தாளமும் கலந்து, ஆட்டம் போலவே தோன்றும் போர்ப் பயிற்சி. 1890-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. ஆயினும் அது அழியவில்லை. 1937-இல் மெஸ்த்ரி பிம்பா என்னும் ஆசானின் பள்ளியை அரசே ஏற்றுக்கொண்டது; 2014-இல் யுனெஸ்கோ அதனை மானிடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் உடல், ஆட்டத்தின் மறைவிலே தன் அறிவைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2021-இல், விளையாட்டு வீரர்களுக்குரிய மூன்று விழுக்காட்டு வேலை ஒதுக்கீட்டில் இதனைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. என் காலத்தில் ஆண்பிள்ளைகள் மட்டுமே நின்ற களத்தில் இன்று பெண்பிள்ளைகளும் கம்போடு நிற்பதைக் காணும்போது மனம் நிறைகிறது.

ஆயினும் ஒரு கவலையும் உண்டு. தொடுமுறைப் போட்டியில் எதிரியின் உடலைக் கம்பு முனையால் தொட்டால் புள்ளி கிடைக்கும். புள்ளி தேவையே, அளவில்லாமல் போட்டி இல்லை. ஆனால் புள்ளிக்காக மட்டும் பழகும் மாணவன் விரைவில் கம்பைக் கேட்கிறான். காலடியில் பொறுமை இழக்கிறான். விரைவு அவனுக்கு வந்துவிடும், எளிமை வராது. பதக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். கை இளகியதா என்பதைக் காதால்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்டறிந்து சொல்லும் முதியவர்கள் ஊர்த் திண்ணைகளில் இன்று குறைந்துவருகிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கம்பு கற்பிக்கும் முதியவர் ஒருவர் இருப்பாராயின், ஒரு மாலையில் அவரிடம் செல்லுங்கள். அவர் யாரிடம் கற்றார், எங்கே கற்றார், எவ்வளவு காலம் வெறுங்காலோடு நின்றார் என்று கேட்டு எழுதிவையுங்கள். ஏட்டில் ஏறாத வரலாறு அவரிடம் இருக்கும். பிறகு அவரைக் கம்பு சுழற்றச் சொல்லி, ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள்.

என் வாத்தியாரை நான் கடைசியாகக் கண்டபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார். பொங்கல் விழாவில் ஊரார் வற்புறுத்தவே, எழுந்து சலாம் வரிசை மட்டும் ஆடினார். நான் கூட்டத்தின் பின்னே, ஒன்றும் தெரியாத இடத்தில் நின்றிருந்தேன். கொட்டு ஓய்ந்த ஒரு கணத்தில் அந்த ஓசை வந்தது. ஒரே இழையாக வந்தது. அவர் கைதான் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.