சட்டத்தரணியான பின் இராணுவச் சீருடையா?

சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சை எழுதிய தம்பி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, ஆமியில் லோயராகப் போனால் என்ன?" வீட்டில் சொன்னதும் உம்மா அழுதுவிட்டாராம்.

புதுக்கடையில் சீனியரின் பின்னால் ஃபைல் தூக்கும் ஆரம்ப வருடங்களில் நிலையான சம்பளம் ஈர்ப்பது இயல்பு. ஆனால் விண்ணப்பிக்க முன் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தை வாசிக்க வேண்டும்.

இராணுவச் சட்டத்தரணியின் வேலை பெரும்பாலும் அலுவலக வேலைதான். ஒழுக்காற்று விசாரணைகள், ஒப்பந்தங்கள், காணிப் பிணக்குகள், படைக்கு எதிரான வழக்குகளுக்காகச் சட்டமா அதிபர் திணைக்களத்துடன் தொடர்பு என்று அது விரியும். இராணுவ நீதிமன்றம் கூடும்போது 'ஜட்ஜ் அட்வகேட்' சட்டத்தை விளக்குவார். குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிப்பது அங்கு அமரும் படை அதிகாரிகளே.

அந்தத் தீர்ப்புகளின் கனம் சாதாரணமானதல்ல. 2010இல் சரத் பொன்சேகாவுக்கு இராணுவ நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்தது. அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையில் வரும் 'நீதிமன்றம்' என்ற சொல் இராணுவ நீதிமன்றத்தையும் உள்ளடக்கும் என 2011இல் உயர் நீதிமன்றம் கூறியது. அவரது பாராளுமன்ற ஆசனம் பறிபோனது.

இழப்பதையும் கணக்கிட வேண்டும். அதிகாரி பதவி வகிப்பது ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரையே. படையினரின் சில அடிப்படை உரிமைகளை ஒழுக்கத்தின் பொருட்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது 15(8)ஆம் உறுப்புரை. பேச்சுச் சுதந்திரமும் அதில் அடக்கம். கட்சிக்காரரைத் தெரிவு செய்யும் உரிமையும் இல்லை. படைதான் உங்கள் கட்சிக்காரர்.

2007இல் ஹெய்ட்டி அமைதிப் படையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் குற்றச்சாட்டுகளின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். இத்தகைய நேரத்தில்தான் இராணுவச் சட்டத்தரணியின் முதுகெலும்பு சோதிக்கப்படுகிறது.

படையில் நம்மவர் இல்லாமலில்லை. 1996இல் முல்லைத்தீவில் உயிர்நீத்த கேணல் ஃபஸ்லி லாபிர் பரம வீர விபூஷண விருது பெற்றவர். சிங்களமும் தமிழும் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் உள்ளே இருப்பது, வாக்குமூலம் கொடுக்க வரும் தமிழ் பேசும் தாய்க்குப் பெரும் ஆறுதல்.

உறவினருக்கே பாதகமானாலும் நீதியில் நிற்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆகவே தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: கட்டளைத் தளபதி கேட்க விரும்பாத சட்டக் கருத்தை எழுத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்க உன்னால் முடியுமா? முடியும் என்றால் விண்ணப்பிக்கட்டும். உம்மாவிடம் நானும் பேசுகிறேன்.