சுவரில் ஒலிக்கும் சொற்கள்: சான்ஷி வணிகர் பெருமனைகளின் அமைப்பும் அலங்காரமும்

ஆய்வுச்சுருக்கம்

சீனத்தின் சான்ஷி மாகாணத்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வணிகக் குடும்பங்கள் எழுப்பிய பெருமனைகளின் அலங்காரங்கள் பெரும்பாலும் 'மங்கலச் சின்னங்கள்' என்ற ஒரே தலைப்பில் அடக்கப்படுகின்றன. அவ்விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. வீட்டின் அளவையும் நிறத்தையும் கட்டுப்படுத்திய அரச விதிகளும், வணிகருக்குச் சமூக அடுக்கில் தரப்பட்ட கடைசி இடமும் இவ்வலங்காரங்களின் வடிவத்தைத் தீர்மானித்தன என்பதைச் சியாவ், வாங் குடும்பங்களின் மனைகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சான்ஷி வணிகர், முற்றமனை, செங்கற் சிற்பம், ஒலிச்சிலேடை, மனை விதிகள்.

முன்னுரை

சீனச் சமூகத்தின் மரபான நான்கு பிரிவுகள் கற்றோர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற வரிசையில் அமைந்தவை. வணிகருக்கு உரியது கடைசி இடம். ஆயினும் சான்ஷி வணிகர் மிங் அரசமரபுக் காலத்தில் எல்லைப் படைகளுக்குத் தானியம் கொண்டு சென்றும் உப்பு வாணிகம் செய்தும் வளர்ந்தவர்கள். சிங் அரசமரபுக் காலத்தில் மங்கோலியா வழியாக உருசியா வரை தேயிலை வாணிகம் நடத்தியவர்கள். 1823ஆம் ஆண்டளவில் பிங்யாவ் நகரில் ரிஷெங்சாங் என்னும் உண்டியல் மனை தோன்றியபின், பேரரசின் பணப்போக்குவரத்தில் பெரும்பகுதி இம்மாகாணத்தார் கைக்கு வந்தது. வெள்ளிக் கட்டிகளை வண்டியில் ஏற்றிச் செல்லாமல் ஒரு நகரில் செலுத்தி மற்றொரு நகரில் சீட்டைக் காட்டிப் பெறும் முறை அது. செல்வத்தில் முதலிடமும் மதிப்பில் கடையிடமும் கொண்ட இவர்கள் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்வது என்ற கேள்விக்கு அவர்களுடைய வீடுகளில் விடை தேடலாம்.

விதியும் மனையும்

1393இல் மிங் அரசு வகுத்த விதியின்படி, பொதுமக்கள் வீட்டுக் கட்டடம் மூன்று தூணிடைகளுக்கும் ஐந்து கூரை விட்டங்களுக்கும் மிகலாகாது. கூரையைத் தாங்கும் அடுக்குப் போதிகைகளும் வண்ணப் பூச்சும் அவர்களுக்கு விலக்கப்பட்டவை. பின்னர் இவ்விதி மீண்டும் வலியுறுத்தப்பட்டபோது ஒரு நுட்பமான இடைவெளியும் சேர்ந்தே வந்தது: பொருள்வசதி உடையவர் பத்து, இருபது கட்டடங்கள் கூட வைத்துக்கொள்ளலாம், ஆனால் எதுவும் மூன்று தூணிடையைக் கடத்தல் கூடாது. 1447இல் கட்டடத்தின் ஆழத்தைப் பற்றிய கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அகலத்தின் கட்டுப்பாடு நின்றது. சிங் அரசும் இம்மரபைப் பெரிதும் தொடர்ந்தது.

சான்ஷி மனைகளின் தனித்தன்மை இவ்விடைவெளியிலிருந்து பிறந்தது எனலாம். ஒரு மாளிகையை வானளாவ உயர்த்த இயலாத செல்வர், முற்றத்தின் பின் முற்றமாக மனையைப் பெருக்கினர். சீசியன் வட்டத்தில் உள்ள சியாவ் மனையில் 6 பெருமுற்றங்களும் 20 சிறுமுற்றங்களும் 313 அறைகளும் உள்ளன. அவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று வியப்பூட்டுவதில்லை. வியப்பு எண்ணிக்கையில்தான் இருக்கிறது. கிழக்கு வாயிலிலிருந்து மேற்கே குலமுன்னோர் கோயில் வரை ஏறத்தாழ 80 மீட்டர் நீளும் கல்பாவிய தெரு, வடக்கில் மூன்றும் தெற்கில் மூன்றுமாகப் பெருமுற்றங்களைப் பிரிக்கிறது. வெளிப்புறத்தில் 10 மீட்டருக்கு மேல் உயர்ந்த செங்கற்சுவர்; தெருவில் போகிறவருக்கு அலங்காரம் எதுவும் எளிதில் புலப்படாது. பல கட்டடங்களின் கூரைகள் ஒருபுறமாக, முற்றத்தை நோக்கியே சரிகின்றன. நீரைச் செல்வமாகக் கருதும் நம்பிக்கையில், தம் கூரையில் விழுந்த மழை தம் வீட்டுக்குள்ளேயே இறங்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். புழுதிக் காற்றும் கொள்ளையரும் மிகுந்த நிலத்தில் உயர்ந்த புறச்சுவருக்கு இவ்வடிவம் பொருந்தி வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளமைப்பு குடும்ப ஒழுங்கின் வரைபடம். முற்றத்தின் வடக்கில் தெற்கு நோக்கிய தலைமைக் கூடம் மூத்தோருக்கு உரியது. பக்கவாட்டு அறைகளில் கிழக்குப் பகுதி மேற்கினும் உயர்வாகக் கருதப்பட்டது. மூத்த மகனுக்கு உரியது அதுவே. யார் எந்தப் படியைக் கடக்கலாம் என்பதை ஒரு குழந்தை சொல்லித்தராமலேயே கற்றுக்கொள்ளும் அமைப்பு இது.

லிங்ஷி வட்டத்து வாங் மனையின் ஹொங்மென்பு பகுதி (1739–1793) ஒரு நெடுந்தெருவும் மூன்று குறுக்குத் தெருக்களும் கொண்டு, 'வாங்' என்னும் எழுத்தின் வடிவில் அமைந்தது என்பர். அவ்வெழுத்து குடும்பப் பெயர். 'அரசன்' என்றும் பொருள்படும். திட்டமிட்டு அடுத்தடுத்துக் கட்டப்பட்ட பகுதியாதலால் இக்கூற்று ஏற்கத்தக்கது. சியாவ் மனை 'இரட்டை மகிழ்ச்சி' எழுத்தின் வடிவில் வரையப்பட்டது என்ற பரவலான கூற்றை அவ்வாறு ஏற்க இயலவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1921 வரை பல தலைமுறையினர் கைப்பட வளர்ந்த மனைக்கு முதல் நாளிலேயே அத்தகைய வரைவு இருந்திருக்க வாய்ப்பில்லை. மேலிருந்து பார்ப்பவர் பின்னாளில் கண்ட வடிவமாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

காதால் படிக்கும் சிற்பம்

வண்ணம் விலக்கப்பட்ட இடத்தில் உளி முன்வந்தது. செங்கல், மரம், கல் ஆகிய மூன்றிலும் செதுக்கிய சிற்பங்கள் இம்மனைகளின் பெருமையாகப் பேசப்படுகின்றன. குறிப்பாக வாங் மனையின் காவ்ஜியாயா பகுதியில் (1796–1811) சாம்பல் நிறச் செங்கல்லே சித்திரத் திரையாக மாறியுள்ளது.

இச்சிற்பங்களின் இயங்குமுறை ஒலிச்சிலேடை. வௌவாலைக் குறிக்கும் 'ஃபூ' என்ற ஒலியே நற்பேற்றையும் குறிக்கும். ஆகவே நீளாயுள் எழுத்தைச் சூழ்ந்த ஐந்து வௌவால்கள் ஐவகை நற்பேறுகள் ஆகின்றன. மானின் பெயரான 'லூ', அரசுப்பணி ஊதியத்தின் பெயரும் ஆகும். குடுவை 'பிங்', அமைதியும் 'பிங்'. 'ஹோவ்' குரங்கையும் பிரபுப் பட்டத்தையும் சுட்டும். 'குதிரைமேல்' என்ற தொடர் 'உடனடியாக' என்றும் பொருள்படும். எனவே குதிரைமீது அமர்ந்த குரங்கு, விரைவில் பிரபுப் பட்டம் கிட்டுக என்ற வாழ்த்து. நம் இலக்கணிகள் சிலேடையைச் செய்யுளின் அணியாகக் கண்டனர். இங்கே அது செய்யுளை விட்டு நிலைப்படியில் ஏறி நிற்கிறது.

இதில் ஒரு சமூக நுட்பம் உண்டு. ஒலிச்சிலேடையைப் புரிந்துகொள்ள எழுத்தறிவு வேண்டியதில்லை. மொழியைக் காதால் அறிந்தால் போதும். வாயில்களில் தொங்கும் பெயர்ப்பலகைகளும் ஈரடி வாசகங்களும் கற்ற விருந்தினருக்கானவை. சியாவ் மனையின் முதல் வாயிலுக்கு எதிரே உள்ள மறைப்புச்சுவரில் 'நீளாயுள்' என்னும் ஒரே எழுத்து நூறு வடிவங்களில் செதுக்கப்பட்டுள்ளது. அதன் இருபுறமும் அரசியலாளர் சோ சோங்டாங்கின் வாசகங்கள் உள்ளன. அவற்றைப் படிக்க இயலாத பணிப்பெண்ணும் சிறுவனும் திராட்சைக் கொடியைப் பார்த்து மக்கட்பேற்றை உணர்ந்திருப்பர். ஒரே வீடு இரு வகை வாசகருக்காக இரு வகையில் எழுதப்பட்டுள்ளது.

ஆனால் இவ்வாழ்த்துகள் எதை வேண்டுகின்றன? குரங்கும் மானும் அரசுப் பதவியையே வேண்டுகின்றன. 1724இல் உயர் அலுவலர் லியூ யூயி பேரரசர் யோங்ஜெங்குக்கு அனுப்பிய அறிக்கையோ நேர்மாறான நிலையைக் காட்டுகிறது. சான்ஷியில் அறிவுக்கூர்மை மிக்க இளைஞர் வாணிகத்துக்கும், அடுத்த நிலையினர் அலுவலக எழுத்தர் பணிக்கும் செல்ல, நடுத்தரத்துக்குக் கீழ்ப்பட்டோரே தேர்வுக்குப் படிக்க வைக்கப்படுகின்றனர் என்பது அவர் முறையீடு. சுவர் சொல்வதும் குடும்பம் செய்வதும் வேறாக இருந்தன. வணிகர் தம் மக்களைக் கடைக்கு அனுப்பிக்கொண்டே, பதவியின் மொழியை மட்டும் கல்லில் கடன் வாங்கினர் எனக் கருத இடமுண்டு. பணம் செலுத்தி மதிப்புப் பட்டம் பெறும் வழி சிங் காலத்தில் சட்டப்படி திறந்திருந்தமையால், அக்கடனை அடைப்பதும் கடினமாயில்லை. சியாவ் மனையின் பிற்காலப் பகுதிகளில் இறவாரங்களில் வண்ணமும் பொன்பூச்சும் தோன்றுவதை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். பழைய விலக்கு தளர்ந்ததும், உளியின் பக்கத்தில் தூரிகை வந்து நின்றது.

மனையின் பெயரும் மனையின் படமும்

சியாவ் குடும்பத்தின் மூதாதை குய்ஃபா வறுமையால் வடக்கே பாவ்டோவுக்குச் சென்று சிறு வணிகத்தில் தொடங்கியவர். அவர் வழிவந்த சியாவ் ஜியோங் (1818–1907) காலத்தில் குடும்பம் உச்சம் தொட்டது; 1900இல் பெய்ஜிங்கிலிருந்து தப்பி மேற்கே சென்ற பேரரசி சிசி, வழியில் இக்குடும்பத்தின் உண்டியல் மனையான தாதேதோங்கில் தங்கினார். ஆயினும் மனைக்கு வழங்கிய பெயர் 'நடுவில் நிற்கும் கூடம்' என்று பொருள்படும் ட்சாய்ஜோங்தாங். கன்பூசிய மரபின் நடுநிலைக் கோட்பாட்டை நினைவூட்டும் இப்பெயரை, ஜியோங் தம் பெயரோடும் இணைத்துப் பொருள் கொண்டார் என்பர். மிகுசெல்வர் ஒருவர் 'மிகாமை' என்பதையே வாயிலில் எழுதுவது அடக்கமா, தற்காப்பா? இரண்டும் என்பதே பொருத்தம்.

இம்மனையில்தான் சாங் யிமோவின் 'சிவப்பு விளக்கை ஏற்று' திரைப்படம் (1991) எடுக்கப்பட்டது. ஒரு செல்வரின் துணைமனைவியரிடையே நடக்கும் போட்டியை, அன்றிரவு எவர் முற்றத்தில் விளக்கு ஏற்றப்படுகிறது என்பதைக் கொண்டு காட்டும் படம் அது. விளக்கேற்றும் அச்சடங்கு திரைப்படத்துக்காகப் புனையப்பட்டது. சியாவ் குடும்பத்தின் வீட்டு விதிகளோ துணைமனைவி கொள்வதை விலக்கியவை. ஆயினும் வெளிநாட்டு வாசகர் பலர் சீனப் பெருமனையை இப்படத்தின் வழியாகவே அறிந்துள்ளனர். 1986 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் அவ்வீட்டைப் பற்றி எழுதுவோர், 18ஆம் நூற்றாண்டின் செங்கல்லையும், 1921இல் கட்டப்பட்ட பகுதியின் பெரிய கண்ணாடிச் சாளரங்களையும், 1991இன் விளக்கையும் தனித்தனியே காலம் குறித்த பின்னரே பொருள் கூறத் தொடங்குதல் வேண்டும்.