குழி ஒரு மாகாணத்தில், குப்பை இன்னொரு மாகாணத்தில்

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். மீதொட்டமுல்லயில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கதைக்க நினைப்பது அதற்கு முன்னும் பின்னும் அந்தக் குப்பை போன பாதையைப் பற்றி.

முதலில் சட்டம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை மூன்றுக்கும் வேறு வேறு சட்டங்கள். ஆனால் மூன்றும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன: சேகரித்த குப்பை சபையின் சொத்து. சொத்து சபையினுடையது, சரி. அதை எங்க வைக்கிறது? கொழும்பு மாநகர சபைக்குள் அதற்கு நிலம் இல்லை. புளூமெண்டால் மேடு 2009 இல் மூடப்பட்டதும், குப்பை எல்லை தாண்டி கொலன்னாவை நகர சபைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லக்குப் போனது. தற்காலிகமாக 2 ஏக்கர் என்று தொடங்கியது, வருடக்கணக்கில் பரந்து மலையானது. பக்கத்து ஊரவர்கள் பல தடவை வீதிக்கு இறங்கினார்கள். ஆனால் அவர்கள் வாக்குப் போட்டது கொழும்பு மாநகர சபைக்கு இல்லையே.

சரிவுக்குப் பிறகு அரசாங்கம் அவசரமாகச் செய்த ஒரு வேலை, குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானியில் அறிவித்தது. அதைத் தடுப்பது குற்றம் என்றானது. அதாவது, அடுத்து எந்த ஊருக்குக் குப்பை போகுமோ அந்த ஊரின் வாய் முன்கூட்டியே கட்டப்பட்டது.

அந்த அடுத்த ஊர்தான் புத்தளம் அறுவைக்காடு. இங்கதான் கதையில் கல் வருகிறது. பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்கான சுண்ணாம்புக்கல் பல பத்தாண்டுகளாக அறுவைக்காட்டில் வெட்டப்பட்டு ரயிலில் போனது. வெட்டி முடித்த இடம் குழியாகக் கிடந்தது. கொழும்புக் குப்பையைக் களனியில் சேர்த்து, சுமார் 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவந்து அந்தப் பக்கம் நிரப்புவதுதான் திட்டம். நாளொன்றுக்கு 1,200 தொன், செலவு 100 மில்லியன் டொலருக்கு மேல். கல் போன தண்டவாளத்தால் குப்பை வரும்!

குழியையும் குப்பையையும் சேர்த்து யோசிப்பது தவறில்லை. இங்கிலாந்தில் கவுண்டி சபைகளுக்குக் கனிமத் திட்டமிடலும் கழிவுத் திட்டமிடலும் ஒரே கையில்தான் இருக்கின்றன. வெட்டின குழி பிறகு கழிவு நிரப்பும் இடமாவது அங்கும் வழமை என்பதால், இரண்டையும் ஒரே ஆவணத்தில் எழுதுகிறார்கள். அயல் சபைகள் சேர்ந்தும் எழுதலாம். வட யோர்க்‌ஷயர், யோர்க் நகரம், வட யோர்க் மூர்ஸ் தேசியப் பூங்கா மூன்றும் சேர்ந்து தயாரித்த கூட்டுத் திட்டம் 2022 இல் ஏற்கப்பட்டது. அங்க எல்லாம் சரியாக நடக்குது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழி இருக்கிற ஊரின் சபையும் குப்பை வருகிற ஊரின் சபையும் உட்கார ஒரு மேசை இருக்கிறது.

எங்களிடம் அந்த மேசை இல்லை. 1992 இன் 33 ஆம் இலக்கச் சட்டப்படி கனிமங்கள் அரசுடைமை, அனுமதி கொடுப்பது கொழும்பிலிருக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். குப்பை உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சபைகளை மேற்பார்வை செய்வது மாகாண சபை. மேல் மாகாணத்துக்குக் கழிவு முகாமைத்துவத்துக்கென்றே ஓர் அதிகார சபை இருக்கிறது. கரதியானவில் பல சபைகளின் குப்பை ஒரே இடத்துக்குப் போவதும் அதன் கீழ்தான். ஆனால் அதன் அதிகாரம் மாகாண எல்லையோடு முடிகிறது. அறுவைக்காடு வடமேல் மாகாணம். எல்லை தாண்டினதும் மிஞ்சுவது மத்திய அரசாங்கம் மட்டும்தான்.

புத்தளம் மக்கள் 2018 இல் போராடத் தொடங்கினார்கள். நூறு நாளைத் தாண்டியும் சத்தியாக்கிரகம் நடந்தது. அதே ஒக்டோபரில் வடமேல் மாகாண சபையின் பதவிக்காலமும் முடிந்தது. பிறகு பல வருடங்களாகத் தேர்தல் இல்லை. பேச வேண்டிய நேரத்தில் பேச வேண்டிய சபை காலி. 2019 இல் லொறிகளில் குப்பை வரத் தொடங்கியது.

'எல்லாரும் என்ட ஊரில வேண்டாம் என்றால் எங்கதான் போடுறது?' என்று கொழும்பில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புத்தளத்திடம் அதைக் கேட்க முதல் அந்த மாவட்டத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். சீமெந்துத் தூசி அங்கே. நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பல் அங்கே. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருமளவில் தஞ்சமடைந்ததும் அங்கேதான். அறுவைக்காட்டுக்குப் பக்கத்தில் வில்பத்துக் காடும், மீனவர் நம்பியிருக்கிற களப்பும் இருக்கின்றன. அந்த மக்கள் கேட்டது குப்பைக்குத் தீர்வே வேண்டாம் என்று இல்லை. எங்களைக் கேட்காமல் ஏன் என்றுதான்.

ஒரு கற்குழிக்கு அனுமதி கொடுக்கும் நாளிலேயே, கல் முடிந்த பிறகு அது என்னவாகும் என்ற கேள்வியும் எழுகிறது. காடா, குளமா, குப்பைமேடா? அதை முடிவெடுக்கும் கூட்டத்தில் வண்ணாத்திவில்லு பிரதேச சபைக்கு ஒரு கதிரை இருக்க வேண்டும், கொழும்பு மாநகர சபைக்கும் ஒரு கதிரை இருக்க வேண்டும். மீதொட்டமுல்லயில் கொலன்னாவை மக்களுக்கு அந்தக் கதிரை இருக்கவில்லை. அதன் விலை 32 உயிர். புத்தளத்துக்கும் இன்னும் அது கிடைக்கவில்லை.