அதே ஆட்டம், மறுபடியும் காசு

ஒரே விளையாட்டை நாலைந்து தடவை விற்கலாம் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், யோசிக்காமல் ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தைத்தான் கைகாட்டுவேன். 1991-ல் அவர்களுடைய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வந்தது. எட்டு பேரில் ஒருவரை எடுத்துக்கொண்டு ஆடலாம். கடைசியில் வரும் நான்கு வில்லன்களோடு மோதலாம், ஆனால் அவர்களாக ஆட முடியாது. 1992-ல் ‘சாம்பியன் எடிஷன்’ வந்தபோது அந்த நான்கு பேரையும் ஆடுகிறவன் கையில் கொடுத்தார்கள். அதே வருடக் கடைசியில் ‘ஹைப்பர் ஃபைட்டிங்’. ஆட்டம் வேகமெடுத்தது, சிலருக்குப் புது அடிகள் கிடைத்தன. 1993-ல் ‘சூப்பர்’: கேமி, ஃபெய் லாங், டீ ஜே, டி. ஹாக் என்று நான்கு புது முகங்கள். 1994-ல் ‘சூப்பர் டர்போ’. கேப்காமுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது என்று அந்தக் காலத்து ரசிகர்கள் கேலி செய்தார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3’ என்று ஒன்று வருவதற்கு 1997 ஆகிவிட்டது.

இந்த வரலாற்றை நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன். தொண்ணூறுகளின் நடுவில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் மாமா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் சில்லறை மாற்றிக் கொடுக்கிற வேலை எனக்கு. கடையில் நின்ற மெஷின்களில் கூட்டம் மொய்த்தது ஸ்ட்ரீட் ஃபைட்டர் மெஷினில் மட்டும்தான். கார் ஓட்டுகிற மெஷின் தூசி படிந்து கிடக்கும்.

மெஷினின் பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய போர்டுகள் தெரியும். ஆட்டம் முழுவதும் அதிலுள்ள சில்லுகளில்தான் இருக்கிறது. எடிஷன் மாறுகிறது என்றால் திரையோ பெட்டியோ பட்டனோ மாறப்போவதில்லை. போர்டைக் கழற்றி வேறொன்றை மாட்டவேண்டும், அல்லது சில்லை மட்டும் மாற்றவேண்டும். அந்தச் செலவு முழுக்கக் கடைக்காரர் தலையில். ஆட வருகிற பையன் நேற்றும் ஒரு ரூபாய் போட்டான், இன்றும் அதே ஒரு ரூபாய்தான் போடுவான். அவனைப் பொறுத்தவரை புது எடிஷன் இலவசம்.

“பக்கத்துத் தெருக் கடையில வந்துடுச்சுன்னா பசங்க அங்க போயிடுவானுங்கடா” என்பார் மாமா. அந்தப் பயம்தான் எடிஷன் வியாபாரத்தின் அச்சாணி. போர்டுக்குப் போட்ட பணம் சில மாதத்தில் காசுப் பெட்டியிலேயே திரும்பி வந்துவிடும் என்பதால் அவருடைய கணக்கு சரியாகவே இருந்தது. மேம்படுத்தக் காசு கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஆர்கேடு காலத்தில் ஒரு தெளிவான பதில் இருந்தது: கொடுக்கிறவனுக்கு அதில் வருமானம் இருந்தது.

மாமாவின் மெஷினில் ஓடியது அசல் போர்டே இல்லை என்பது வேறு கதை. குதித்து அந்தரத்தில் இருக்கும்போதே தீப்பந்து வீசலாம். சண்டை நடுவில் பட்டனைத் தட்டி ஆளையே மாற்றலாம். ரியூ திடீரென்று சாகட் ஆகிவிடுவான். சாம்பியன் எடிஷனின் சில்லுகளை யார் யாரோ திருத்திச் செய்த திருட்டுப் பதிப்புகள் அப்போது உலகமெங்கும் ஓடின. ‘ரெயின்போ எடிஷன்’ என்று பேர் வாங்கியது அவற்றில் ஒன்று. கிறுக்குத்தனமான ஆட்டம், ஆனால் வேகம். அந்த வேகத்துக்குக் கூட்டம் மயங்குவதைப் பார்த்த அமெரிக்க கேப்காமின் ஜேம்ஸ் கோடார்டு, நாமும் வேகத்தைக் கூட்டவேண்டும் என்று ஜப்பான் தலைமையகத்தோடு மல்லுக்கட்டினார். அப்படிப் பிறந்ததுதான் ஹைப்பர் ஃபைட்டிங். திருடன் எழுதிய பதிப்புக்குப் பதிலாக முதலாளி எழுதிய பதிப்பு! வியாபார வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முதலாளி அதோடு விடவில்லை. ‘சூப்பர்’ வந்தபோது சிபிஎஸ்-2 என்ற புதிய போர்டைக் கொண்டுவந்தார்கள். ஆட்டத்தின் சில்லுகள் பூட்டப்பட்டிருக்கும். பூட்டின் சாவி, ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நினைவகத்தில் உயிரோடிருக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், ஆட்டம் செத்துப்போகும். தற்கொலை பேட்டரி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். முழுக் காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை விற்றவர் கையில் வைத்திருக்கிற பழக்கம், இணையக் கடைகள் வருவதற்கு முன்பே ஆர்கேடு மெஷினுக்குள் இருந்திருக்கிறது.

இதே எடிஷன்கள் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் கணக்கு தலைகீழானது. சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த கேசட்டில் சில்லைக் கழற்றி மாட்ட முடியாது. புது எடிஷன் வேண்டுமா, முழு விலை கொடுத்து இன்னொரு கேசட் வாங்கு. கடைக்காரரின் செலவு இப்போது ஆடுகிறவன் தலைக்கு வந்துவிட்டது, வருமானம் மட்டும் கூட வரவில்லை. கேப்காமின் சொந்த விற்பனைக் கணக்கே இதைச் சொல்கிறது: அந்த மெஷினில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 63 லட்சம் கேசட் விற்றது, ஹைப்பர் ஃபைட்டிங்கின் வீட்டுப் பதிப்பான ‘டர்போ’ 41 லட்சம், ‘சூப்பர்’ 20 லட்சம். ஒவ்வொரு எடிஷனுக்கும் கொஞ்சம் பேர் போதும் என்று எழுந்து போயிருக்கிறார்கள். (நம் ஊரில் இந்தக் கவலையே கிடையாது. நம்மிடம் இருந்ததெல்லாம் உறையில் 9999 ஆட்டம் என்று போட்டு, உள்ளே இருபதைத் திருப்பித் திருப்பிக் காட்டிய கேசட்தான்.)

பெட்டிக்குள் கூடுதலாக எதையாவது வைத்து விற்கும் வழக்கம் இதற்கும் மூத்தது. அது தொடங்கிய விதம் மரியாதையானது. 1982-ல் அமெரிக்காவின் இன்ஃபோகாம் ‘டெட்லைன்’ என்ற துப்பறியும் விளையாட்டை வெளியிட்டது. முழுக்க எழுத்தில் நடக்கும் ஆட்டம். வழக்கின் தடயங்களையெல்லாம் அந்தக் கால ஃபிளாப்பியில் அடைக்க இடம் போதவில்லை. அதனால் போலீஸ் விசாரணைக் குறிப்பு, ஆய்வக அறிக்கை, பிணத்தின் பக்கத்தில் கிடந்ததாகச் சொல்லி சில வெள்ளை மாத்திரைகள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார்கள். அதே வருடம் ரிச்சர்ட் காரியட் தன் ‘அல்டிமா 2’-வுடன் துணியில் அச்சிட்ட வரைபடம் வைத்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சரி என்று ஒப்புக்கொண்ட சியரா நிறுவனத்துக்குத்தான் ஆட்டத்தைக் கொடுத்தார். மாத்திரைக்கும் வரைபடத்துக்கும் தனி விலை கிடையாது. வாங்குகிற எல்லோருக்கும் உண்டு.

கால் நூற்றாண்டு கழித்து, 2007-ல், ‘ஹேலோ 3’-ன் ‘லெஜண்டரி எடிஷன்’ 130 டாலருக்கு வந்தது. சாதாரணப் பெட்டி 60 டாலர். மேலே கொடுத்த எழுபதுக்கு முக்கியமாகக் கிடைத்தது ஒரு ஹெல்மெட். மனிதத் தலைக்குப் பொருந்தாது. பூனைக்கு வேண்டுமானால் மாட்டலாம். அதற்கு முந்தைய வருடம் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்குக் கவசம் போட இரண்டரை டாலர் கேட்டு பெதெஸ்தா வாங்கிக் கட்டிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரியும். சிரித்த உலகமே பிறகு வரிசையில் நின்று வாங்கியது.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவின் ஒரு மூலையில் வேறொன்று நடந்தது. 2007 அக்டோபரில் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் தன் முதல் விளையாட்டான ‘விட்சர்’-ஐ வெளியிட்டது. கதவு திறந்து மூடுவதற்குள் காபி போட்டுவிடலாம் என்கிற அளவுக்கு லோடிங். ஆங்கில வசனம் கத்தரித்து ஒட்டியதுபோல இருந்தது. மறு வருடம் செப்டம்பரில் ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ கொண்டுவந்தார்கள். வசனத்தைத் திருத்தி மறுபடி பேசவைத்து, லோடிங் நேரத்தைக் குறைத்து, புதிதாக இரண்டு கதைகள் சேர்த்திருந்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது இலவசம். 2022 டிசம்பரில் ‘விட்சர் 3’-ஐப் புதிய மெஷின்களுக்கு ஏற்றபடி மெருகேற்றியபோதும் பழைய வாடிக்கையாளரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. தர்மம் என்று சொல்லமாட்டேன். முதலில் வாங்கியவன் வாயால் வருகிற விளம்பரத்துக்கு விலை என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நேர் எதிரான உதாரணம் 2020. ‘கன்ட்ரோல்’ என்ற விளையாட்டை முந்தைய வருடம் வாங்கி, துணைக் கதைகளுக்கும் தனியாகப் பணம் கட்டியவர்கள் இருந்தார்கள். ‘அல்டிமேட் எடிஷன்’ என்ற பெயரில் அதே சரக்கு ஒரே பொட்டலமாக வந்தது. பிளேஸ்டேஷன் 5-க்கான மேம்பாடு அந்தப் பொட்டலத்தை வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். எல்லாப் பகுதியையும் முன்கூட்டியே வாங்கியவனுக்கு இல்லை; தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தவனுக்கு உண்டு. இதைவிட மோசமாக விசுவாசத்தைத் தண்டிக்க முடியுமா?

அடுத்த வருடம் சோனி அதே பள்ளத்தில் கால் வைத்தது. ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ பிஎஸ்4-ல் வாங்கினால் பிஎஸ்5 பதிப்பு இலவசம் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். 2021 செப்டம்பர் தொடக்கத்தில் முன்பதிவு விவரம் வந்தபோது, 80 டாலர் டீலக்ஸோ அதற்கு மேலானதோ வாங்குகிறவர்களுக்குத்தான் இரண்டும் என்று மாறியிருந்தது. கிளம்பிய எதிர்ப்பில் இரண்டே நாளில் இறங்கி வந்தார்கள். கொடுத்த வாக்குப்படி இந்த ஒரு ஆட்டத்துக்கு இலவசம், இனி வரும் எங்கள் ஆட்டங்களுக்குப் பத்து டாலர் என்று அப்போதைய பிளேஸ்டேஷன் தலைவர் ஜிம் ரயன் அறிவித்தார். ‘பத்து டாலர்’ ஒரு வழக்கமாக நிலைத்தது இப்படித்தான். அதில் ஒரு வேடிக்கை. பிஎஸ்4 பதிப்பு 60 டாலர், பிஎஸ்5 பதிப்பு 70. அறுபதைக் கொடுத்து இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள் விவரமானவர்கள்.

அந்தப் பத்து டாலருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பார்க்க ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ நல்ல உதாரணம். மங்கோலியர் படையெடுத்த ஜப்பானியத் தீவில் நடக்கும் சாமுராய் கதை. 2020 ஜூலையில் வந்தது, 2021 ஆகஸ்டில் ‘டைரக்டர்ஸ் கட்’. பழைய பதிப்பு வைத்திருந்தவர் பிஎஸ்4-லேயே புதியதுக்கு மாற 20 டாலர், பிஎஸ்5-க்கே மாற 30 டாலர். இருபது டாலருக்கு இகி என்ற முழுப் புதுத் தீவு: நாயகனின் தந்தை செத்த இடம், புதிய எதிரிகள், குதிரையில் பாய்ந்து இடித்துத் தள்ளும் புது வித்தை. மிச்சப் பத்தில் முக்கியமானது உதடு. அசல் ஆட்டத்தில் ஜப்பானிய மொழியை வைத்து ஆடினால், பாத்திரங்களின் வாய் ஆங்கிலத்துக்கே அசையும். டப்பிங் சீரியல் பார்த்த நமக்கு அது உறுத்தாது. ஜப்பானியக் கதையை ஜப்பானியக் குரலில் கேட்க விரும்பியவர்களுக்கு உறுத்தியது. பிஎஸ்5-ல் காட்சிகளை மெஷின் அந்த நேரத்திலேயே வரைவதால் உதடு ஜப்பானியத்துக்கு இசைந்தது. கூடவே கூர்மையான படம், கையில் அதிர்கிற கன்ட்ரோலர். என்னைக் கேட்டால் இகி இருபது டாலர் பெறும். உதட்டுக்குப் பத்து, தள்ளுபடியில் பார்க்கலாம்.

சில மேம்பாடுகள் காசு கேட்பதோடு நிற்பதில்லை. 2020 ஜனவரியில் ‘வார்கிராஃப்ட் 3 ரிஃபோர்ஜ்டு’ வந்தபோது, 30 டாலர் கொடுக்காத பழைய வாடிக்கையாளரின் ஆட்டமும் புதிய மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. பழையதில் இருந்த சில வசதிகள் காணாமல்போயின. ‘ஸ்கைரிம்’ 2011-ல் வந்தது, 2016-ல் மறுபடி, 2021-ல் 20 டாலருக்கு ஆண்டுவிழா மேம்பாடு. கட்டாதவர்களுக்கும் அன்று வந்த இலவச அப்டேட், ரசிகர்கள் வருடக்கணக்கில் செய்து சேர்த்த மோடுகளில் பலவற்றை ஓடவிடாமல் செய்தது. அதே 2021-ல் ராக்ஸ்டார் தன் மூன்று பழைய ‘ஜிடிஏ’-க்களை இணையக் கடைகளிலிருந்து இறக்கிவிட்டு, ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்று குறை மண்டிய பதிப்பை ஏற்றியது. திட்டு தாங்காமல் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழையவற்றைத் தன் சொந்தக் கடையில் திரும்ப வைக்கவேண்டியதாயிற்று.

கேப்காம் மட்டும் ஓரளவு திருந்தியது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ காலத்திலேயே, 2014-ல் வந்த ‘அல்ட்ரா’வுக்குப் பழைய வட்டு இருந்தால் 15 டாலர் கட்டினால் போதும் என்றார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’-ன் ‘ஆர்கேடு எடிஷன்’ 2018-ல் வந்தபோது ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது இலவச அப்டேட். புது ஆட்களுக்கு மட்டும் தனி விலை.

இப்போது நின்டெண்டோவின் முறை. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வெளியானது. எட்டு வருடத்துக்கு முந்தைய ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு’ அதில் வழவழவென்று ஓட 10 டாலர். துணைக் கதைகள் அதில் அடங்காது, அதற்குத் தனிக் காசு. ‘கிர்பி’க்கு 20 டாலர், ஆனால் அதில் புதுக் கதையே சேர்ந்து வருகிறது. ‘சூப்பர் மாரியோ ஒடிசி’க்கு மேம்பாடு இலவசம். ஒரே கம்பெனி, ஒரே மெஷின், ஒன்று இலவசம், இன்னொன்று பத்து. மெருகேற்ற ஆன உழைப்பை வைத்து இந்த விலையைப் போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. செல்டாவுக்குக் கொடுப்பார்கள் என்று தெரியும், கேட்டார்கள்.

ஆகவே யாராவது என்னிடம் கட்டலாமா என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: நீ முதலில் காசு கொடுத்த பிறகு அவர்கள் உட்கார்ந்து புதிதாகச் செய்தது எது? கிர்பிக்கும் இகிக்கும் அதற்குப் பதில் இருக்கிறது, தாராளமாகக் கட்டுங்கள். ‘செல்டா’வைப் பழைய வேகத்திலேயே ஆடி முடித்தவர் என்றால் அந்தப் பத்து டாலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எதற்குக் கட்டினாலும், கட்டுவதற்கு முன் பழைய சேவ் புதிய பதிப்புக்கு வருமா என்று பார்த்துவிடுங்கள்.